நிறம் பார்த்துக் கொடுத்த மாத்திரை

குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கு நான் போகத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கூடம் ஒன்று. பதினெட்டுப் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு முறத்தை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை காய் பொறுக்குவோம். பச்சை மாறாத பருமனான காய் ஒரு பக்கம், கொஞ்சம் சிறுத்தது ஒரு பக்கம், வெளுத்தது, வெடித்தது, பூச்சி அரித்தது எல்லாம் தனித்தனி. கண் பார்க்கும், கை பிரிக்கும், வாய் ஊர்க்கதை பேசும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு வெளுத்த காய் நல்ல காயோடு போனதில்லை என்று முதலாளியே சொல்வார். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இப்போதும் உண்டு. ஆனால் அது ஏலக்காயோடு நின்றுவிட்டது.

"நிழல்ல உக்காந்து செய்யிற வேலைதானே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். மத்தியானத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும், மூன்று மணிக்கு இடுப்பு கழன்று தனியாக வந்துவிடும் போல இருக்கும், கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். கார்த்திகை மார்கழியில் குளிர் வேறு. அதனால் எங்கள் கூடத்தில் மாத்திரை போடாத பெண் கிடையாது. முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள், இல்லாவிட்டால் சோற்றுத் தூக்கின் மூடிக்குள் வைத்திருப்பாள்.

இந்த மாத்திரைகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தவள் நான். அதுதான் இந்தக் கதையின் ஆரம்பம்.

வீட்டில் பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கழுவித் துடைத்துக் கூடத்துக்குக் கொண்டு வந்தேன். யாரிடம் என்ன மாத்திரை மிச்சம் இருக்கிறதோ அதை இதில் போட வேண்டும், யாருக்கு வலித்தாலும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. எங்களில் பாதிப் பேர் மேலே குமுளியில் இருக்கிறவர்கள், மீதிப் பேர் கீழே கூடலூர், கம்பம் பக்கத்திலிருந்து தினமும் மலையேறி வருகிறவர்கள். எனவே மாத்திரையும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. மேலே ஒரு கம்பெனிப் பேர், கீழே வேறொரு கம்பெனிப் பேர். அதுவும் முழு அட்டையாக வராது. கடைக்காரர் கத்தரியால் இரண்டு, மூன்றாக நறுக்கிக் கொடுத்த துண்டுகள். பேர் எழுதிய பக்கம் ஒருத்தியிடமும் விலை எழுதிய பக்கம் இன்னொருத்தியிடமும் இருக்கும்.

அந்தத் துண்டு அட்டைகள் பெட்டிக்குள் அடங்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துவிட்டேன். காகிதத்தைக் குப்பையில் போட்டேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஐந்து அறையிலும் தரம் பிரித்துப் போட்டேன். நீளமான வெள்ளை மாத்திரை காய்ச்சலுக்கு. ஆரஞ்சு நிறம் உடம்பு வலிக்கு. மஞ்சள் வட்டம் சளிக்கும் தலைபாரத்துக்கும். இன்னும் இரண்டு அறையில் வயிற்றுக்கும் வாந்திக்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒருத்தி "டாக்டரம்மா" என்று கூப்பிடத் தொடங்கினாள், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கேலிதான். ஆனாலும் எனக்கு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் மலையாளத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒருமுறை ஆரஞ்சு மாத்திரை தீர்ந்துபோய், அவளிடம் ஒன்றைக் காட்டி இதே மாதிரி இருபது வேண்டும் என்று கேட்டேன்.

"அட்டை எங்க சேச்சி? பேரு இல்லாம நான் எப்படித் தரும்?"

"பேரு எதுக்கு? நெறந்தான் தெரியுதுல்ல?"

"நிறம் நோக்கி மருந்து தரப் பாடில்ல சேச்சி. யாருக்கு? என்ன அசுகம்? வேற மருந்து வல்லதும் கழிக்குதா?"

நிறம் பார்த்துத் தரக் கூடாதாம்; யாருக்கு, என்ன நோய், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று இப்படிக் கேள்வி மேல் கேள்வி கேட்டால் எனக்கு ஆகாது. "நான் மாத்திரை வாங்க வந்தேனா, இல்ல ஜாதகம் பாக்க வந்தேனா?" என்று சத்தமாகக் கேட்டேன். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தரவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துக் கம்பத்துக்கு இறங்கி, ஒன்றும் கேட்காமல் கொடுக்கிற ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை அதைக் கூடத்தில் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன்.

என் இடது பக்கத்தில் முறம் வைத்து உட்காருகிறவளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். என்னைவிட எட்டு வயது இளையவள். அப்பன் ஆத்தாள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தவர்கள், இப்போது இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து என்னை "யக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பவள். நான் பத்துப் பேச்சுப் பேசினால் அவள் ஒன்று பேசுவாள். அந்த ஒன்றும் என் பேச்சுக்கு ஆமாம் என்பதாகத்தான் இருக்கும். எனக்கு அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது.

மூன்று வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில் அவளுடைய வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரைப் பெண்டாட்டிகூட 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும், விரதமும் அவருக்குத்தான் என்பார்கள். உண்மையில் விரதம் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து, குமுளிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, பூஜைக்கு எடுத்து வைத்து, அதற்குப் பிறகுதான் அவள் வேலைக்கு வருவாள். நாள் முழுக்க ஒருவேளைச் சோறு. ஈரத் தலையோடு வந்து உட்காருகிறாளே என்று நான் தினமும் சத்தம் போடுவேன். சிரித்துக்கொள்வாள். அந்த மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் முறத்தில் நல்ல காயும் வெளுத்த காயும் ஒன்றாகக் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

"வீட்டுக்குப் போ புள்ள" என்றேன்.

"சீசன் நேரம்க்கா. படுத்துட்டா சாமிக்கு யாரு சமைப்பா? ஏதாச்சும் குடு, போட்டுக்கிறேன்."

பெட்டியைத் திறந்தேன். காய்ச்சல் இருக்கிறது, வெள்ளை ஒன்று. உடம்பெல்லாம் வலி என்கிறாள், ஆரஞ்சு ஒன்று. மூக்கு ஒழுகுகிறது, மஞ்சள் ஒன்று. மூன்று நோய்க்கு மூன்று மருந்து, இதைவிடச் சரியான கணக்கு என்ன இருக்க முடியும் என்று நினைத்தேன். அவள் மூன்றையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கி, வேர்த்து, மறுபடி காய் பொறுக்கத் தொடங்கினாள். கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பார்க்க வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, படுக்கப் போகையில் போடுவதற்கு மூன்றும் சேர்த்து ஒரு செட் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை விடிகாலைக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. புதன்கிழமையும் அப்படியே. "வயிறு எரியுதுக்கா" என்று புதன்கிழமை சொன்னாள். "ஒழுங்கா சாப்பிட்டாத்தானே?" என்று அதட்டினேன். வியாழக்கிழமை விடிகாலைக்கான பொட்டலமும் என் கையால் கட்டியதுதான்.

வியாழக்கிழமை வேலைக்கு வந்தாள். வந்தாள் என்றால், வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை. ஆனால் முகம் வெளிறிப்போய், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது மணிக்குள் மூன்று தடவை வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வலது பக்க விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, "இங்க குத்துதுக்கா" என்றாள். எங்கள் பெட்டியில் வாந்தி மாத்திரை தீர்ந்திருந்தது. வேறு கடை அந்த நேரத்தில் திறந்திருக்கவில்லை. வேண்டா வெறுப்பாக அந்த மலையாளத்துக்காரியின் கடைக்கே போனேன்.

"வாந்திக்கு மாத்திரை வேணும்."

"யாருக்கு? எத்தர நாளாச்சு?"

அன்றைக்கு என்னவோ சண்டை போடத் தோன்றவில்லை. காய்ச்சல், மூன்று நாள், சாப்பாடு இல்லை, விலாவுக்குக் கீழே வலி என்று சொன்னேன். மாத்திரை எடுக்கப் போன அவள் கை பாதியில் நின்றது.

"மூணு நாளா என்ன மருந்து கழிச்சாங்க? அதக் கொண்டு வாங்க சேச்சி. இப்பத்தன்னே."

ஓடிப்போய் அஞ்சறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதைத் திறந்து பார்த்தபோது அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அட்டையெல்லாம் எங்கே என்று கேட்டாள். எறிந்துவிட்டேன் என்றேன். வெள்ளையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று, மஞ்சளில் ஒன்று எடுத்து, மேலே பொறித்திருந்த எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து மூன்று முழு அட்டைகளை எடுத்து வந்து, ஒவ்வொரு மாத்திரையையும் அதனதன் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரிய எழுத்தில் மூன்று பேர், மூன்றும் வேறு வேறு. அதற்குக் கீழே எறும்பு மாதிரி இருந்த சின்ன எழுத்தில் விரலை வைத்தாள்.

"இது பாராசிட்டமால். உடம்பு வலிக்குக் கொடுத்த இதுலயும் பாராசிட்டமால் உண்டு, கூட வேற வலி மருந்தும் உண்டு. சளிக்குக் கொடுத்த இதுலயும் பாராசிட்டமால் உண்டு. மூணும் ஒண்ணுதன்னே சேச்சி. ஒரே மருந்து மூணு சட்ட போட்டு வந்திருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மூன்று அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தர தடவ கழிச்சாங்க?"

அப்போதுதான் நான் வாழ்க்கையில் வெட்கப்படுகிற காரியத்தைச் செய்தேன். "ரெண்டு தடவை இருக்கும். எனக்குச் சரியாத் தெரியல" என்றேன். பெட்டி யாருடையது, யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது அளவு கூடினா ஈரலக் கெடுக்கும். முதல்ல ஒண்ணும் தெரியாது. தெரியும்போ சமயம் போயிருக்கும். இப்ப வாந்தி மாத்திர தந்து வீட்டுக்கு விட முடியாது, நேரா பெரிய ஆஸ்பத்திரி. எத்தர மாத்திர, எந்த நேரம், அங்க சரியாச் சொல்லணும். கொடுத்தது யாரா இருந்தாலும் சொல்லணும். அதுக்கு மாற்று மருந்து உண்டு, கேட்டோ? நேரத்துக்குப் போனா சரியாகும்."

கடையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அவள் எல்லாரையும் நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு காகிதத்தில் மூன்று மருந்தின் பேரையும் அளவையும் எழுதினாள். எண்ணிக்கை என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். யாருக்கோ போன் செய்து ஜீப்பை வரவழைத்தாள். ஒருமுறை அவளை நாலு பேர் முன்னால் சிரிப்புக்கு இடமாக்கியவள் நான். அவள் எனக்காக இதையெல்லாம் செய்தாள் என்று சொல்ல மாட்டேன், முகம் தெரியாத என் தோழிக்காகச் செய்தாள். அதனால்தான் அந்த நன்றி எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

என் தோழியின் வீட்டுக்காரர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஓடி வந்து ஜீப்பின் முன்னால் ஏறினார். பின்னால் அவள் தலை என் மடியில். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அவள் உடம்பு சரிந்தது, நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எதிரே ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன, எங்கள் டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி நின்று வழி விட வேண்டியிருந்தது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். திங்கள் இரண்டு தடவை. செவ்வாய் நாலு. புதன் நாலு. வியாழன் ஒன்று. பதினொரு தடவை. பதினொரு மூன்று முப்பத்து மூன்று. ஏலக்காயில் ஒன்றைத் தவறவிடாத கண், இதில் முப்பத்து மூன்றைத் தவறவிட்டிருக்கிறது.

தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் காகிதத்தைப் படித்ததும் நிமிர்ந்தார். நிஜமான டாக்டரம்மா. என் தோழியின் கன்னத்தைத் தட்டிக் கேட்டார்.

"அம்மா, இந்த மாத்திரையெல்லாம் எத்தனை போட்டீங்க? யாரு குடுத்தாங்க?"

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்.

"நானே கடையில வாங்கிப் போட்டேன்மா. ரெண்டே ரெண்டு மாத்திரைதான்."

அவள் பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. டாக்டர் எழுதத் தொடங்கினார். போலீஸ் வருமா, கேஸ் ஆகுமா, அவள் வீட்டுக்காரர் என்ன செய்வார், ஊரில் என்ன பேசுவார்கள் என்று என்னென்னவோ ஓடியது. சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, அவளே வழி செய்து கொடுத்துவிட்டாள். அவளுக்கு என்ன ஆகும் என்பது அந்த ரெண்டு என்கிற எண்ணில் இருந்தது. டாக்டர் பேனாவை மூடப் போனார்.

"இல்லம்மா" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "முப்பத்து மூணு. நான்தான் குடுத்தேன். திங்கக்கிழமை மத்தியானத்துலேருந்து பதினோரு தடவை, ஒவ்வொரு தடவையும் மூணு. கடைசியாப் போட்டது இன்னைக்கு விடிகாலை அஞ்சு மணிக்கு."

டாக்டர் என்னைத் திட்ட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி நர்ஸிடம் நாலு வார்த்தை சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், ஊசி வழியாக மாற்று மருந்துப் பாட்டில் ஏற்றினார்கள். எல்லாம் ஓட்டமாக நடந்தது. அப்புறம்தான் என்னிடம் வந்தார். பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு நாலாயிரம் மில்லிகிராமைத் தாண்டக் கூடாத மருந்து அது என்றார். நான் கொடுத்தது ஆறாயிரத்தை நெருங்கி இருந்ததாம். இவள் ஒல்லி, சாப்பிடவும் இல்லை, இவளுக்கு அளவு இன்னும் குறைவு. "ரெண்டு மாத்திரைன்னு நம்பியிருந்தா ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் சாதாரணக் காய்ச்சல் வாந்தின்னுதான் பாத்திருப்போம். சொன்னீங்களே, நல்லதாப் போச்சு" என்றார்.

இனி அவள் வீட்டுக்காரரிடம் திரும்ப வேண்டும். அவர் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது என்பது விரத விதி, அந்தத் தைரியத்தில்தான் நான் நிமிர்ந்தே பார்த்தேன். அவர் மாலை மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். போனவர் வரவே மாட்டார் என்று நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"சாமி, என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? எனக்கு மூணு வேளை பாத்துப் பாத்துச் சமைச்சுப் போட்டா. அவ சாப்டாளான்னு நான் ஒரு நாளும் கேக்கல" என்றார்.

பெண்கள் வார்டு என்பதால் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். நான்தான் கூட இருந்தேன். முதல் இரண்டு நாள் ஈரல் ரிசல்ட் ஏறிக்கொண்டே போனது. கண் லேசாக மஞ்சளானது. காலையும் மாலையும் ரத்தம் எடுக்க வருகிற நர்ஸின் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த முகமே மனப்பாடமாகிவிட்டது. மூன்றாம் நாள் காலை அந்த நர்ஸ் தூரத்தில் வரும்போதே கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். இறங்குகிறது! எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டுவிட்டு, அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டே பார்க்க ஓவென்று அழுதேன். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் ஓய்வு, வேறு எந்த மாத்திரையும் கேட்காமல் போடக் கூடாது என்று சொல்லி விட்டார்கள்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, நயமான காயாகப் பார்த்து அரைக்கிலோ வாங்கிக்கொண்டு அந்த மருந்துக்கடைக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "ரெண்டு தடவைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்பதையும் சொன்னேன். "எனக்கு மனசிலாயிருந்தது சேச்சி. அதான் கேள்விக்குறி போட்டேன்" என்றாள். ஏலக்காயை வாங்க மறுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கூடத்துக்கு வரட்டுமா என்று அவளே கேட்டாள்.

வந்தாள். பதினெட்டில் ஒருத்தி குறைய, பதினேழு பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு சுற்றி உட்கார்ந்தோம். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனிக்காரன் வைத்த பேர், கீழே சின்னதாக இருப்பதுதான் உள்ளே இருக்கிற மருந்து என்று காட்டினாள். எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். பாராசிட்டமால் என்ற சொல்லை ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, படிக்க வேண்டாம், இதே உருவம் உங்கள் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள் என்றாள். அதில் எங்களை யார் மிஞ்ச முடியும்? ஐந்து நிமிஷத்தில் ஆளாளுக்குத் தங்கள் சுருக்குப்பையிலிருந்த சளி மாத்திரை, தலைவலி மாத்திரை, இடுப்பு வலி மாத்திரை எல்லாவற்றிலும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடம் முழுக்க "ஆத்தாடி, இதுலயும் இருக்கு", "ஏ, இங்கயும் பாரு" என்று ஒரே சத்தம்.

இந்தப் பேர் இருக்கிற மாத்திரைகளில் ஏதாவது ஒன்றைத்தான் போட வேண்டும், சேர்த்துப் போடக் கூடாது என்றாள். சேர்த்து வருகிற வலி மாத்திரையில் இன்னொரு மருந்தும் ஒளிந்திருக்கும், அது வெறும் வயிற்றில் விழுந்தால் வயிற்றைப் புண்ணாக்கும், தினம் தினம் போட்டால் கிட்னியைப் பதம் பார்க்கும் என்றாள். யாருக்கெல்லாம் பிரஷர், யாருக்கு வயிற்றுப்புண், யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். கடைசி வரிசையில் இருந்த ஒரு அக்கா, பிரஷர் மாத்திரையோடு மூட்டு வலிக்கு ஆரஞ்சு மாத்திரையை ஒன்றரை வருஷமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் என் பெட்டியிலிருந்து எடுத்ததுதான். மறுநாளே அவளை டாக்டரிடம் அனுப்பிவைத்தோம். இந்த வேலையில் வலியே இல்லாமல் இருக்க முடியாது, அதனால் மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் என் கழுத்துக்கு நான் போடுகிறேன். ஒன்றுதான், சாப்பிட்ட பிறகு, அட்டையைப் படித்துவிட்டு. இரண்டு நாளில் நிற்காவிட்டால் போய்க் காட்டுகிறேன். கடைக்காரி கேள்வி கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

அந்த ஓய்வு மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் தோழியைப் பார்க்கப் போவேன். ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. உள்ளே அவள் வீட்டுக்காரர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கஞ்சித் தண்ணீர் அடுப்பில் கொட்டிப் புகை வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

அவள் அன்று சொன்ன பொய் எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எனக்குக் கெட்ட பேர் வரக் கூடாது, போலீசு கீலீசு என்று நான் அலையக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். அதற்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு உயிருக்குப் போராடிக்கிட்டுக் கெடந்தப்பக்கூட என்னையக் காட்டிக் குடுக்காம இருந்தியே புள்ள. எனக்காக நீ ஏன் பொய் சொன்ன?"

அவள் கீரை உருவுவதை நிறுத்தினாள். என்ன கேட்கிறேன் என்று புரியாதவள் போல என்னைப் பார்த்தாள்.

"உனக்காக எங்கக்கா சொன்னேன்?" என்றாள். "நீதான் குடுத்தேன்னு தெரிஞ்சா உன்னைய அங்கேருந்து வெரட்டி விட்ருவாக. பொம்பளைக வார்டுல சாமியையும் உள்ள விட மாட்டாக. எனக்கு வேற யாரு இருக்கா? தனியா செத்துருவேனோன்னு பயமா வந்துச்சுக்கா. அதான் சொன்னேன்."